லண்டன் ப்ரைட் இப்ப யாரோட பீர்? குடும்ப ப்ரூவரியும் அதோட பப்களும் பிரிஞ்ச கணக்கு

லண்டன் சிஸ்விக் பக்கம் ஒரு பப்புக்குள்ள போறீங்கன்னு வைங்க. வாசல் போர்டுல ஃபுல்லர்ஸ், கிளாஸ்ல ஃபுல்லர்ஸ், பீர் ஊத்துற பம்ப்ல மாட்டின பேர் அட்டையில ஃபுல்லர்ஸ் லண்டன் ப்ரைட், நடந்து போற தூரத்துல இருக்கிற ப்ரூவரி, அதாவது பீர் ஆலை, அதோட சுவத்துலயும் அதே பேர்தான். ஆனா அந்த ப்ரூவரி 2019ல இருந்து ஜப்பானோட அசாஹி கம்பெனிக்குச் சொந்தம். பப் மட்டும்தான் ஃபுல்லர்ஸ் கையில இருக்கு. அதாவது ஃபுல்லர்ஸ் பப்ல விக்கிற ஃபுல்லர்ஸ் பீரை ஃபுல்லர்ஸே இன்னொரு கம்பெனிகிட்ட காசு குடுத்து வாங்குது.

பிரிட்டன்ல இது மாதிரி செய்தி ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒண்ணு வரும். "200 வருஷ குடும்ப ப்ரூவரி மூடல்", "குடும்பம் பப்களை மட்டும் வெச்சுக்குது", "பீர் பேரு வித்தாச்சு" இப்படி. படிக்கிறவங்களுக்கு யாரு எதை வித்தாங்க, எது மிச்சம், பாரம்பரியம்னு சொல்றாங்களே அது இப்ப யாருகிட்ட இருக்குன்னே புரியாது. அடியில இருந்து பாத்தா இது ஒரு சொத்துக் கணக்கு. பீருக்கும் ருசிக்கும் அதுல பங்கு கம்மி.

முதல்ல சொற்கள்

1. கேஸ்க் ஏல்: ஏல்ங்கிறது பீர்ல ஒரு வகை. கேஸ்க் ஏலைத்தான் ரியல் ஏல்னும் சொல்றாங்க. ப்ரூவரியில புளிச்சு முடிஞ்ச பீரை வடிகட்டி யீஸ்ட்டைக் கொல்லாம, உயிரோட பீப்பாயில அடைச்சு அனுப்புவாங்க, அது பப்போட நிலவறையில உக்காந்து மறுபடி கொஞ்சம் புளிச்சு அங்கதான் பக்குவத்துக்கு வரும். 11ல இருந்து 13 டிகிரி செல்சியஸ் சூடு வேணும், திறந்தா மூணு நாள்ல குடிச்சுத் தீக்கணும். சாதாரணமா வர பீப்பாய்க்கு ஃபர்கின்னு பேரு, 9 கேலன், 72 பைண்ட்.

2. கெக் பீர்: வடிகட்டி, சூடாக்கி, கேஸ் அடைச்சு வர்றது. சீக்கிரம் கெடாது, யாரு ஊத்துனாலும் ஒரே மாதிரி இருக்கும்.

3. டைட் ஹவுஸ்: ப்ரூவரிக்குச் சொந்தமான பப். அங்க அந்த ப்ரூவரி பீரைத்தான் விக்கணும். இந்தக் கட்டுக்கு 'டை'ன்னு பேரு.

4. டைட் ஹவுஸ்லயே ரெண்டு வகை. மேனேஜ்ட் ஹவுஸ்னா நடத்துறவர் சம்பளக்காரர். டெனன்டட் ஹவுஸ்னா நடத்துறவர் குத்தகைக்காரர், கட்டடத்துக்கு வாடகையும் குடுப்பாரு, பீரையும் முதலாளிகிட்டயே வெளி விலையை விட அதிகம் குடுத்து வாங்குவாரு. முதல் வாடகைக்கு உலர் வாடகை, பீர்ல வைக்கிற கூடுதல் லாபத்துக்கு ஈர வாடகைன்னு அங்க பேச்சு வழக்கு இருக்கு. பேருல குசும்பு இருந்தாலும் கணக்கு சரியா இருக்கு.

5. ஃப்ரீ ஹவுஸ்: யாருக்கும் கட்டுப்படாத பப். இலவசம்னு நினைச்சு உள்ள போகாதீங்க.

6. பப்கோ: பீர் தயாரிக்காம பப் மட்டும் நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல வெச்சிருக்கிற கம்பெனி. 1989க்கு அப்புறம் பெருகின இனம்.

ப்ரூவரிக்கு பப் எதுக்கு?

பீப்பாய் கனம், ரோடு மோசம், குதிரை வண்டிதான் வாகனம்னு இருந்த காலத்துல ஒரு ப்ரூவரியோட ராஜ்யம் குதிரை காலையில போய் சாயங்காலம் திரும்புற தூரம்தான். அதனால ஊருக்கு ஊரு ஒரு ப்ரூவரி இருந்துச்சு. ஆனா பப்களை வளைச்சு வாங்குற பழக்கம் தூரத்தால மட்டும் வரல, சட்டத்தாலயும் வந்துச்சு.

1830ல பீர்ஹவுஸ் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. ஜனங்க ஜின் குடிச்சுக் கெட்டுப்போறாங்க, பீர் பரவால்லன்னு அன்னைக்கு நினைப்பு. ரெண்டு கினி (அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பணம்) கட்டினா யாரு வேணாலும் வீட்டு முன்னறையிலயே பீர் விக்கலாம்னு ஆச்சு, ஆயிரக்கணக்குல கடை முளைச்சுது. 1869ல பிடியை இறுக்கி, உள்ளூர் மாஜிஸ்ட்ரேட் அனுமதிச்சாத்தான் லைசென்ஸ்னு மாத்தினாங்க. புது லைசென்ஸ் கிடைக்கிறது குதிரைக்கொம்பாச்சு, இருக்கிற பப்போட மதிப்பு ஏறிச்சு. எதிராளி வாங்குறதுக்குள்ள நாம வாங்கணும்னு ப்ரூவரிகள் ஓடுச்சு. 1886ல கின்னஸ் பங்குச் சந்தைக்கு வந்து பணத்தை அள்ளுனதும் மத்தவங்களும் பின்னாடியே வந்து, ஊர்ப் பணத்தைத் திரட்டி பப்பா வாங்கிக் குவிச்சாங்க.

இன்னொரு காரணம் கேஸ்க் ஏலுக்குள்ளயே இருக்கு. அது பாதிதான் ப்ரூவரியில முடியுது, மீதி நிலவறையில. குழாயைக் கழுவாத, பீப்பாயை நிதானமா அடங்க விடாத ஆள்கிட்ட போனா எவ்வளவு நல்ல பீரும் புளிச்ச தண்ணிதான், பழி மட்டும் ப்ரூவரிக்கு வரும். சொந்த பப்னா அந்த ஆளைச் சொல்லித் திருத்தலாம், மாத்தலாம்.

பாரம்பரியம் எங்க உக்காந்திருக்கு?

பாரம்பரியம்னு விளம்பரத்துல அடிக்கிற சொல்லை விட்டுட்டு, கையால தொடக்கூடியதா என்னென்ன இருக்குன்னு பாத்தா நாலு கிடைக்கும்.

1. யீஸ்ட். இது கிட்டத்தட்ட நம்ம வீட்டு உறைமோர் மாதிரி. நேத்து பீர்ல இருந்து எடுத்து இன்னைக்கு பீர்ல போடுறாங்க, வருஷக்கணக்கா போட்டுப் போட்டு அந்த ப்ரூவரிக்குன்னே ஒரு குணம் வந்துடுது. இங்கிலாந்தோட தெக்கு ஓரம் லூயிஸ்ங்கிற ஊர்ல ஹார்வீஸ்னு 1790ல ஆரம்பிச்ச குடும்ப ப்ரூவரி இருக்கு, அதோட யீஸ்ட் 1957ல வடக்க யார்க்‌ஷயர்ல இருக்கிற டாட்காஸ்டர் ஊர்ல இருந்து, ஜான் ஸ்மித்ஸ் ப்ரூவரியில இருந்து வந்தது, அதைத்தான் இன்னைக்கு வரைக்கும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருக்காங்க. குடுத்த ஜான் ஸ்மித்ஸ் 1970ல கரேஜ் கம்பெனிகிட்ட போய், கை மாறி மாறி இப்ப ஹைனெக்கன்கிட்ட இருக்கு. மூலவர் வெளியாள் கைக்குப் போயிட்டாரு, உற்சவர் லூயிஸ்ல வீதி உலா வந்துக்கிட்டு இருக்காரு.

2. கட்டடம். ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயர்ல ஹுக் நார்ட்டன்னு ஒரு கிராமம், அதே பேர்ல 1849ல தொடங்கின ப்ரூவரி. 1900 வாக்குல கட்டி முடிச்ச கோபுரம் மாதிரியான கட்டடம், ஏன் உசரமா கட்டினாங்கன்னா தண்ணியையும் மால்ட்டையும் (முளைகட்டிக் காயவெச்ச பார்லி) ஒரு தடவை மேல ஏத்திட்டா அப்புறம் ஒவ்வொரு மாடியா தானா கீழ இறங்கும், பம்ப் வேண்டாம், கடைசியில பீப்பாயில வந்து விழும். அங்க 1899ல வெச்ச நீராவி எஞ்சின் ஒண்ணு நூறு வருஷம் தாண்டியும் வேலை செஞ்சுது.

3. செய்முறை. ரெசிபின்னு ஒரு பேப்பர் இருக்கும்தான், ஆனா அது பாதி கதை. ஃபுல்லர்ஸ்ல பார்ட்டி கைல்னு ஒரு முறை. ஒரே மால்ட் ஊறல்ல முதல்ல வடியிற கெட்டிச் சாறு, பின்னாடி வடியிற தண்ணிச் சாறு ரெண்டையும் வேற வேற விகிதத்துல கலந்து சிஸ்விக் பிட்டர், லண்டன் ப்ரைட், ஈஎஸ்பி, கோல்டன் ப்ரைட்னு நாலு பீர் எடுப்பாங்க. தேங்காய்ப்பால்ல முதல் பால், ரெண்டாம் பால் எடுக்கிற அதே யோசனைதான். பழைய பாத்திரமும் பழகின ஆளும் வேணும், பேப்பரை மட்டும் வாங்கிட்டுப் போனா வராது.

4. பப்கள். இதுதான் ஜனங்க கண்ணுல படுற பாகம். கிழக்கு லண்டன்ல பிரிக் லேன்ல ட்ரூமன்னு ஒரு பெரிய ப்ரூவரி இருந்துச்சு, 1666ல இருந்து கணக்கு சொல்வாங்க, 1989ல மூடியாச்சு. ஆனா அந்தப் பக்கம் தெருவுல நடந்தா இன்னும் பல கட்டடத்து நெத்தியில ட்ரூமன் பேரு பதிச்ச ஓடு மின்னும்.

நாலும் ஒரே குடும்பத்துகிட்ட, ஒரே கூரைக்கு கீழ இருக்கிற வரைக்கும் யாருக்கும் குழப்பம் இல்ல. அப்படி இன்னும் இறுக்கமா இருக்கிறதுக்கு உதாரணம் அதே டாட்காஸ்டர் ஊர்ல ஜான் ஸ்மித்ஸுக்கு பக்கத்துலயே இருக்கிற சாமுவேல் ஸ்மித்ஸ். ரெண்டும் ஒரே குடும்பத்துக் கிளைதான். 1758ல ஆரம்பிச்ச பழைய ப்ரூவரி சாமுவேல் கிளைக்கு வந்துச்சு, தொழில் பேரு ஜான் கிளையோட பக்கத்துல கட்டின புது ப்ரூவரிக்குப் போச்சு. பேரை எடுத்துட்டுப் போனவங்க சொத்து பன்னாட்டுக் கம்பெனிகிட்ட, இடத்தை வெச்சிருந்தவங்க இன்னும் குடும்பமா இருக்காங்க. கல்லுப் பலகையில செஞ்ச சதுரத் தொட்டியிலதான் பீர் புளிக்குது, மரப் பீப்பாய் செய்ய சொந்தமா ஆள் வெச்சிருக்காங்க, ஊருக்குள்ள குதிரை வண்டியில சப்ளை. லண்டன்ல 1667ல திருப்பிக் கட்டின சேஷயர் சீஸ் பப் கூட இவங்களோடதுதான். அவங்க பப்ல பாட்டு கிடையாது, டிவி கிடையாது, 2019ல மொபைலுக்கும் தடை போட்டாங்க. குடும்ப முதலாளி நல்லவரா கெட்டவராங்கிறது வேற பேச்சு, ஆனா பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டாத ஆளாலதான் இப்படி எல்லாம் பண்ண முடியும்.

குடும்பம்ங்கிறதே ஒரு ரிஸ்க்

வெளியில இருந்து பாக்க குடும்பச் சொத்துன்னா கோட்டை மாதிரி தெரியும். ஆனா தலைமுறை கூடக்கூட பங்கு பிரியும், மூணாவது நாலாவது தலைமுறையில ப்ரூவரி பக்கமே வராத சித்தப்பா பேரன், அத்தை பேத்தி எல்லாம் பங்கு வெச்சிருப்பாங்க, அவங்களுக்கு வருஷத்துக்கு வர டிவிடெண்டை விட மொத்தமா வித்தா வர பணம் பெருசு.

லிங்கன்‌ஷயர்ல வெய்ன்ஃப்ளீட் ஊர்ல பேட்மன்ஸ்னு 1874ல தொடங்கின ப்ரூவரியில 1985ல அதான் நடந்துச்சு. கூடப்பிறந்தவங்க பங்கை விக்கணும்னு நிக்க, ஜார்ஜ் பேட்மன் மட்டும் விக்க மாட்டேன்னாரு. கடனோ உடனோ வாங்கித்தான் அவங்க பங்கை எடுக்கணும். அந்த நேரம் பாத்து 1986ல அவங்களோட ட்ரிபிள் எக்ஸ் பி பீருக்கு பிரிட்டனோட சாம்பியன் பீர் பட்டம் கிடைச்சுது. ப்ரூவரி குடும்பத்துகிட்டயே தங்கிடுச்சு. எல்லாருக்கும் அப்படி அமையாது.

இதைத் தடுக்கத்தான் பங்குச் சந்தையில இருக்கிற குடும்ப ப்ரூவரிகள் பங்கையே வகை பிரிச்சு வெச்சாங்க. ஃபுல்லர்ஸ்ல ஏ, பி, சி மூணு வகை. சந்தையில வாங்குறது ஏ. குடும்பத்தார் கையில இருக்கிற பி பங்குக்கு போட்ட பணத்துக்கு மேல ஓட்டு பலம். அதனால வெளியாள் எவ்வளவு வாங்கினாலும் கம்பெனியைப் பிடுங்க முடியாது. ஆனா ஒண்ணு, குடும்பமே விக்கலாம்னு முடிவு பண்ணா இந்தப் பூட்டு ஒண்ணும் செய்யாது.

வரியும் இருக்கு. பிரிட்டன்ல வாரிசு வரி 40 சதவீதம். குடும்பத் தொழிலுக்கு ரொம்ப வருஷமா முழு விலக்கு இருந்துச்சு, அப்பா செத்தா பிள்ளை வரி கட்ட ப்ரூவரியை விக்க வேண்டியதில்ல. 2024 அக்டோபர் பட்ஜெட்ல அந்த விலக்குக்கு உச்ச வரம்பு வெக்கிறோம்னு அறிவிச்சாங்க, 10 லட்சம் பவுண்டுக்கு மேல இருக்கிறதுக்குப் பாதி விலக்குதான்னு. விவசாயிங்க ட்ராக்டரோட லண்டனுக்கு வந்து நின்ன அந்தப் போராட்டம் இந்த மாத்தத்தோட கூடவே வந்ததுதான். பின்னாடி வரம்பை 25 லட்சமா ஏத்தினாங்க. ஆனா நிலமும் பப்புமா வெச்சிருக்கிற ப்ரூவரி குடும்பத்துக்கு 25 லட்சம்ங்கிறது நல்ல தெருவுல ஒண்ணு ரெண்டு பப்போட விலைதான்.

1989 சட்டம்: நல்லது பண்ணப் போய்

இந்த மொத்தக் கதையோட திருப்பம் இங்கதான். 1960கள்ல சின்னச் சின்ன ப்ரூவரிகளை வாங்கி வாங்கி ஆறு பெரிய கம்பெனிகள் உருவாச்சு. பாஸ், அலைட், விட்பிரெட், கிராண்ட் மெட், கரேஜ், ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில். இவங்களுக்கு கேஸ்க் ஏல் தொந்தரவு, கெக் வசதி. வாட்னீஸ் ரெட் பேரல்னு ஒரு கெக் பீர் அந்தக் காலத்து கேலிப்பொருள். அதை எதிர்த்துத்தான் 1971ல காம்ரான்னு குடிக்கிறவங்களே சேந்து ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு லண்டன்ல தாக்குப் பிடிச்சு நின்ன பழைய குடும்ப ப்ரூவரிகள் ரெண்டே ரெண்டு, சிஸ்விக்ல ஃபுல்லர்ஸ், வாண்ட்ஸ்வொர்த்ல யங்ஸ்.

ஆறு கம்பெனியும் ஆயிரக்கணக்குல பப் வெச்சு 'டை' மூலமா விலையை ஏத்துதுன்னு ஏகபோகத்தை விசாரிக்கிற கமிஷன் 1989ல அறிக்கை குடுத்துச்சு. அரசாங்கம் பீர் ஆர்டர்ஸ்னு விதி போட்டுச்சு, சுருக்கமா இதுதான்:

1. 2,000 பப்புக்கு மேல வெச்சிருக்கிற ப்ரூவரி, அந்த 2,000க்கு மேல இருக்கிறதுல பாதியை 'டை'ல இருந்து விடுவிக்கணும். கெடு 1992.
2. பெரிய ப்ரூவரிகளோட குத்தகைக்காரர் வெளியில இருந்து ஒரு கேஸ்க் பீரை விருந்தாளியா வாங்கி விக்கலாம்.
3. 2,000க்கு கீழ வெச்சிருக்கிறவங்களை இது தொடாது.

எதிர்பாத்தது, பப் எல்லாம் சுதந்திரமாகும், சின்ன ப்ரூவரிக்கு கதவு திறக்கும். நடந்தது, பெரிய கம்பெனிங்க உக்காந்து கணக்குப் போட்டு, பீரா பப்பா ரெண்டுல ஒண்ணு போதும்னு முடிவெடுத்துச்சு. வித்த பப்களை மொத்தமா வாங்கினது பஞ்ச், என்டர்பிரைஸ் இன்ஸ் மாதிரி பப்கோக்கள். இவங்க பீர் தயாரிக்கல, அதனால சட்டத்துல ப்ரூவரியே இல்ல, அதனால வரம்பும் இல்ல. குத்தகைக்காரருக்கு அதே 'டை', முதலாளி பேரு மட்டும் மாறிச்சு. 1742ல தொடங்கின விட்பிரெட் 2000ல பீர் தொழிலையே பெல்ஜியம் இன்டர்ப்ரூவுக்கு வித்துட்டு ஹோட்டல், காபிக் கடைன்னு போயிடுச்சு, இன்னைக்கு பிரீமியர் இன் அவங்களோடது. பாஸும் அதே வருஷம் பீரை வித்துச்சு. விதி போட்டு 14 வருஷம் கழிச்சு 2003ல அதை ரத்தும் பண்ணிட்டாங்க, கட்டுப்படுத்த பெரிய ப்ரூவர் யாரும் பப்போட மிச்சம் இல்ல.

மூணாவது விதியைத்தான் கவனிக்கணும். குடும்ப ப்ரூவரிகள்கிட்ட இருந்தது சில டஜன், மிஞ்சிப்போனா சில நூறு பப். அவங்க 'டை' அப்படியே நின்னுச்சு. சூப்பர்மார்க்கெட்ல விலையில மோத முடியாத, விளம்பரத்துக்குக் காசில்லாத ப்ரூவரிக்கு அந்தச் சொந்த பப்தான் நிச்சயமான சந்தை. 'டை'யை குடிகாரர்களுக்கு எதிரான சதின்னு திட்டுறது பாதி நியாயம், பெரிய கம்பெனி விஷயத்துல முழு நியாயம் கூட, ஆனா குடும்ப ப்ரூவரி இத்தனை வருஷம் உயிரோட இருந்ததுக்கும் அதே 'டை'தான் காரணம்.

2002ல வந்த இன்னொரு சலுகையும் இவங்களை நடுவுல மாட்டிவிட்டுச்சு. வருஷம் 5,000 ஹெக்டோலிட்டருக்குள்ள (5 லட்சம் லிட்டர்) தயாரிக்கிற சின்ன ப்ரூவரிக்கு பீர் வரி பாதின்னு அறிவிச்சாங்க, புதுசா நூத்துக்கணக்குல மைக்ரோ ப்ரூவரி வந்துச்சு. பழைய குடும்ப ப்ரூவரிகள் பலதும் அந்தச் சலுகைக்குப் பெருசு, பன்னாட்டுக் கம்பெனியோட மோதச் சிறுசு.

யங்ஸ், ஃபுல்லர்ஸ்: ரெண்டு பிரிவினை

யங்ஸோட ராம் ப்ரூவரி இருந்த இடத்துல 1581ல இருந்தே பீர் வடிச்ச பதிவு இருக்கு. யங் குடும்பம் வாங்கினது 1831ல. ஊரே கெக்குக்கு மாறினப்ப ஜான் யங் முடியாதுன்னு கேஸ்க்லயே நின்னாரு, பக்கத்து பப்களுக்கு குதிரை வண்டியிலயே பீர் அனுப்பினாரு. ஆனா ப்ரூவரி உக்காந்திருந்தது லண்டன்ல நல்ல விலை போற நிலத்துல. 2006ல மூடினாங்க, அதுக்குச் சில நாள் முன்னாடிதான் ஜான் யங் காலமானாரு.

கணக்கை வரிசையா பாருங்க:

1. ராம் ப்ரூவரி நிலம் 6.9 கோடி பவுண்டுக்குப் போச்சு.
2. பீர் தயாரிப்பை பெட்ஃபோர்ட்ல இருந்த இன்னொரு குடும்ப ப்ரூவரியான சார்ல்ஸ் வெல்ஸோட சேத்து வெல்ஸ் அண்ட் யங்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சாங்க, அதுல யங்ஸுக்கு 40 சதவீதம்.
3. 2011ல அந்த 40 சதவீதத்தை 1.51 கோடி பவுண்டுக்கு வித்துட்டாங்க.
4. 2017ல வெல்ஸ் தன் பீர் தொழிலை 5.5 கோடி பவுண்டுக்கு மார்ஸ்டன்ஸ்ங்கிற இன்னொரு ப்ரூவரி கம்பெனிகிட்ட வித்துச்சு, யங்ஸ் பேரும் கூடவே போச்சு.
5. 2020ல மார்ஸ்டன்ஸ் பீர் பிரிவு டென்மார்க் கம்பெனியான கார்ல்ஸ்பெர்க்கோட சேந்துச்சு, 2024ல மார்ஸ்டன்ஸ் தன்னோட 40 சதவீதத்தை 20.6 கோடிக்கு அவங்களுக்கே குடுத்துட்டு முழு பப் கம்பெனியாச்சு.

அதனால யங்ஸ் பேர்ல வர பீர் இப்ப டென்மார்க் கம்பெனியோடது. யங்ஸ் கம்பெனியோ நல்லா கொழுத்து, 2024ல சிட்டி பப் குரூப்பை 16.2 கோடிக்கு வாங்கி இன்னும் பெருசாச்சு. முதல் வரியையும் மூணாவது வரியையும் பக்கத்துல வைங்க. 425 வருஷம் பீர் வடிச்ச தொழில்ல இருந்த பங்கை விட அந்தத் தொழில் உக்காந்திருந்த மண்ணு நாலு மடங்குக்கு மேல விலை போயிருக்கு. ரெண்டும் ஒரே நாள் விலை இல்ல, ஒண்ணு முழு நிலம், இன்னொண்ணு பாதிக்கும் குறைஞ்ச பங்கு, ஆனாலும் ஒரு போர்டு ரூம்ல உக்காந்து இதைப் பாக்கிறவங்களுக்கு முடிவு தானா வந்துடும்.

ஃபுல்லர்ஸ் 1845ல ஃபுல்லர், ஸ்மித், டர்னர்னு மூணு குடும்பம் கூட்டு சேந்த கம்பெனி, அந்தச் சிஸ்விக் இடத்துல பீர் வடிக்கிறது அதுக்கும் முன்னாடியே இருந்துச்சு. ஈஎஸ்பி மூணு தடவை சாம்பியன் பீர், லண்டன் ப்ரைட் 1979ல. யங்ஸ் போனப்ப லண்டனோட கடைசி பழைய குடும்ப ப்ரூவரின்னு ஜனங்க இதைத்தான் கட்டிக்கிட்டாங்க. இவங்களும் ஒண்ணும் சாது இல்ல, 2005ல ஹாம்ப்‌ஷயர்ல கேல்ஸ்னு 1847ல தொடங்கின இன்னொரு குடும்ப ப்ரூவரியை 9.2 கோடிக்கு வாங்கி, பப்களை எடுத்துக்கிட்டு அடுத்த வருஷமே அந்த ப்ரூவரியை மூடினவங்கதான்.

2019 ஜனவரியில பீர் தொழிலை 25 கோடி பவுண்டுக்கு அசாஹிகிட்ட குடுக்கிறோம்னு அறிவிச்சாங்க. லாபத்துல பெரும்பகுதி பப்ல இருந்துதான் வருது, பீர்ல போட்டி அதிகம்னாங்க. கிடைச்சது நல்ல விலைதான், அதுல சந்தேகம் இல்ல. யங்ஸுக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம், இங்க நிலத்தை விக்கல, ப்ரூவரியை ப்ரூவரியாவே வித்தாங்க. அதே பாத்திரம், அதே யீஸ்ட், அதே இடம், அதனால லண்டன் ப்ரைட் இன்னும் சிஸ்விக்லதான் வடியுது. ஃபுல்லர்ஸ்ங்கிற பேரை பீர்ல அசாஹியும் பப்ல பழைய கம்பெனியும் வெச்சுக்கிட்டாங்க, முதல்ல சொன்ன குழப்பத்துக்கு வேரு இதுதான். அதே 2019லதான் 1799ல தொடங்கின கிரீன் கிங்ங்கிற ப்ரூவரியை ஹாங்காங் சிகே அசெட் கம்பெனி 270 கோடி பவுண்டுக்கு எடுத்துச்சு, அங்க ப்ரூவரி பப் ரெண்டும் சேந்தே போச்சு.

சட்டம் எதைக் காப்பாத்தும், எதைக் காப்பாத்தாது

பாரம்பரியக் கட்டடம்னு பட்டியல்ல வெச்சா அனுமதி இல்லாம சுவரை இடிக்க முடியாது. 2017ல இருந்து இங்கிலாந்துல எந்த பப்பையும் ப்ளானிங் அனுமதி இல்லாம இடிக்கவோ வேற உபயோகத்துக்கு மாத்தவோ முடியாது. இதுக்குப் பல் இருக்குன்னு காட்டினது லண்டன் மெய்டா வேல்ல இருந்த கார்ல்டன் டாவர்ன். 2015ல ஒருநாள் முதலாளி புல்டோசர் விட்டு இடிச்சுட்டாரு, கவுன்சில் விடல, இருந்த மாதிரியே திருப்பிக் கட்டுன்னு உத்தரவு, கட்டி 2021ல திறந்துச்சு. 2023 ஆகஸ்ட்ல ஸ்டாஃபர்ட்‌ஷயர்ல சாஞ்சு நின்ன க்ரூக்கட் ஹவுஸ் பப், மார்ஸ்டன்ஸ் கைய விட்டுப் போன கொஞ்ச நாள்லயே தீப்பிடிச்சு, ரெண்டு நாள்ல இடிக்கவும் பட்டுச்சு. அது பாரம்பரியப் பட்டியல்லயே இல்ல. அங்கயும் திருப்பிக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டாங்க.

ஆனா இது எல்லாம் செங்கல்லுக்கு. உள்ள எந்த பீர் ஊத்தணும்னு எந்தச் சட்டமும் சொல்லாது. யீஸ்ட்டைப் பட்டியல்ல வைக்க முடியாது, பாத்திரத்தையும் பெரும்பாலும் முடியாது. பர்ட்டன்ங்கிற ஊர்ல மார்ஸ்டன்ஸ் ப்ரூவரியில பர்ட்டன் யூனியன்னு வரிசையா மரப் பீப்பாயைக் குழாயால கோத்து பீர் புளிக்க வைக்கிற பழைய அமைப்பு இருந்துச்சு. 2024ல அதை நிறுத்துறோம்னு கார்ல்ஸ்பெர்க் மார்ஸ்டன்ஸ் சொன்னப்ப சட்டத்துல தடுக்க வழியே இல்ல. டார்பிஷயர்ல தார்ன்பிரிட்ஜ்னு ஒரு புது காலத்து ப்ரூவரி முன்வந்து ஒரு செட்டை மட்டும் எடுத்துட்டுப் போய் ஓட்டுது.

குடிக்கப் போறவங்க கையில என்ன இருக்கு?

லூயிஸ் ஊர்ல, ஹார்வீஸ் ப்ரூவரி இருக்கிற அதே ஊர்ல, லூயிஸ் ஆர்ம்ஸ்னு ஒரு பப். அப்ப அது கிரீன் கிங் சொத்து. 2006 டிசம்பர்ல, நம்ம பப்ல நம்ம பீர்தான்னு ஹார்வீஸை எடுத்துட்டாங்க. டை விதிப்படி அவங்களுக்கு முழு உரிமை இருந்துச்சு. ஊர்க்காரங்க உள்ளயே போகாம வாசல்ல நின்னு வர்றவங்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சாங்க. நாலு மாசத்துக்கு மேல காலியாக் கிடந்து, 2007 ஏப்ரல்ல ஹார்வீஸ் திரும்ப வந்துச்சு. அந்த ஊர்ல ஒவ்வொருத்தரும் அந்த பீரோட வாசனை காத்துல வர வளந்தவங்க, எல்லா ஊர்லயும் இது நடக்காது.

குத்தகைக்காரங்களுக்கு 2016ல இருந்து பப்ஸ் கோட்னு ஒரு சட்டம் இருக்கு, 500 டைட் பப் இல்லன்னா அதுக்கு மேல வெச்சிருக்கிற கம்பெனிகிட்ட சந்தை வாடகை மட்டும் கட்டிட்டு 'டை'ல இருந்து வெளிய வரக் கேக்கலாம். மறுபடியும் அதே கோடுதான், சின்ன குடும்ப ப்ரூவரிகள் அதுக்கு வெளிய.

போர்டைப் பாத்து ஏமாறாம இருக்க மூணு கேள்வி போதும். பப் கட்டடம் யாரோடது, பீர் பேரு யாரோடது, பீர் எங்க வடியுது. சாமுவேல் ஸ்மித்ஸ், ஹார்வீஸ், ஹுக் நார்ட்டன் மாதிரி இடங்கள்ல அவங்க பீருக்கு மூணுக்கும் ஒரே பதில். ஃபுல்லர்ஸ்ல மூணாவது மாறல, ரெண்டாவது மாறிடுச்சு. யங்ஸ்ல முதல் ஒண்ணுதான் மிச்சம். சார்ல்ஸ் வெல்ஸ் இன்னும் வேடிக்கை, எல்லாத்தையும் வித்துட்டு பப்பை மட்டும் வெச்சிருந்துட்டு, 2020ல பெட்ஃபோர்ட்லயே ப்ரூபாயின்ட்னு சின்னதா மறுபடி ஒரு ப்ரூவரி திறந்துச்சு, வித்த பழைய ப்ரூவரியை 2022ல ஸ்பெயினோட டாம் கம்பெனி வாங்கிடுச்சு.

வாண்ட்ஸ்வொர்த்ல ராம் ப்ரூவரி நிலம் இப்ப ராம் குவார்ட்டர், அடுக்குமாடி. 2006ல மூடினதும் அங்க வேலை பாத்த ப்ரூவர் ஒருத்தர் கிடைச்ச பாத்திரத்தை வெச்சு அந்தக் கட்டடத்துக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சமா பீர் வடிச்சுக்கிட்டே இருந்தாரு, 1581ல இருந்து வர தொடர்ச்சி அறுந்துடக்கூடாதுன்னு. 2021ல சாம்ப்ரூக்ஸ்னு 2008ல தொடங்கின சின்ன ப்ரூவரி அந்த இடத்துக்கே குடிவந்துச்சு. அதுக்கும் யங் குடும்பத்துக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது.